மரத்துக்குள் போன பந்து: தாழ அடிப்பதா, பக்கத்தில் தள்ளுவதா?

நுவரெலியா கொல்ஃப் மைதானத்தில் அடித்த பந்து சைப்ரஸ் மரங்களுக்குள் போனால் சத்தம் பெரிதாக வராது. கருப்பந்தைல (யூக்கலிப்டஸ்) மரத்தில் பட்டால் ‘டொக்’ என்று கேட்கும், எந்தப் பக்கம் தெறித்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். சைப்ரஸ் வைக்கோல் போரைப் போல பந்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். போய்த் தேடினால், கிளைகள் நிலம்வரை தொங்கும் அந்த இருட்டுக்குள், ஈரச் சருகின் மேல் வெள்ளையாகக் கிடக்கும். முன்னால் ஐந்தாறு அடிமரங்கள். அவற்றுக்கு அப்பால் ஒரு துண்டு வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள், குழியைக் காட்டும் கொடி.

அந்த இடத்தில் நிற்பவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. கிளைகளுக்குக் கீழால் முன்னோக்கித் தாழ அடிக்கும் பஞ்ச் ஷொட் ஒன்று. பக்கத்தில் தெரியும் பெரிய இடைவெளியால் பந்தைப் பெயார்வேக்கு, அதாவது மரங்களுக்கு நடுவே புல் வெட்டிய பாதைக்கு, தள்ளிவிடுவது இன்னொன்று. மரத்துக்கு மேலாலோ, மரத்தைச் சுற்றி வளைத்தோ கிரீனை, அதாவது குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையை, நோக்கி அடிப்பது மூன்றாவது. ஆட முடியாத பந்து என்று அறிவித்து, ஓர் அடி தண்டத்தை ஏற்றுக்கொண்டு, பந்தை எடுத்து வேறு இடத்தில் போடுவது நான்காவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் பெரும்பாலும் பக்கத்தில் தள்ளுவதுதான் சரி. கண்டிக்குக் கிட்ட, திகன பக்கம் விக்டோரியா மைதானத்தில் பெரும்பாலும் பஞ்ச் சரி. ஆளும் அதே ஆள், மட்டையும் அதே மட்டை, பதில் மட்டும் மைதானத்துக்கு மைதானம் மாறுகிறது. பஞ்ச் ஷொட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்படி அடிப்பது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எப்போது அடிக்கக்கூடாது என்பதற்கு யாரும் அவ்வளவு நேரம் கொடுப்பதில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை இருந்த மாதங்களில் நான் கெடியாக, ஆடுகிறவர்களின் மட்டைப் பை தூக்கினேன். தோட்டத்திலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து டவுனில் இறங்கினால், மைதானம் டவுனுக்கு நடுவிலேயே கிடக்கும். 1889 இல் ஆரம்பித்த கழகம் அது. அங்கே மூத்த கெடி ஒருவர் இருந்தார், நாங்கள் எல்லாரும் மாமா என்று கூப்பிடுவோம். பந்து மரத்துக்குள் போனதும் ஆடுகிறவர் கொடியைத்தான் முதலில் பார்ப்பார். மாமா கொடிப் பக்கம் திரும்பவே மாட்டார். குனிந்து பந்தைப் பார்ப்பார், நிமிர்ந்து கிளைகளைப் பார்ப்பார், பிறகு பெயார்வே பக்கம் பார்ப்பார். “சேர், அடுத்த அடி எங்கருந்து அடிக்கப் போறீங்க?” என்று மட்டும் கேட்பார். சிலர் அந்தக் கேள்வியிலேயே மட்டையை மாற்றிவிடுவார்கள். சிலர் கேட்காதது போல 4 ஆம் நம்பர் அயர்னைக் (இரும்பு மட்டை, நம்பர் குறையக் குறைய முகத்தின் சாய்வு குறையும்) கையில் எடுப்பார்கள். பிறகு அதே மரத்துக்குக் கீழே நாங்கள் இரண்டாவது தடவையாகப் பந்து தேடுவோம்.

சரி, முதலில் பஞ்ச் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது தெரியாமல் ஒப்பிட முடியாது.

பஞ்ச் என்ற பெயரைக் கேட்டு ஓங்கிக் குத்துவது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது நிதானமான அடி. பந்தை மேலே எழுப்புவது மட்டை முகத்தின் சாய்வும் பந்தின் பின்சுழற்சியும். வேகமாக வீசினால் பின்சுழற்சி கூடும், சுழற்சி கூடினால் பந்து போகப் போக மேலே ஏறும். பயத்தில் பலமாக அடிக்கிறவரின் பந்து பதினைந்து மீட்டர் தாண்டியதும் கிளையில் மாட்டுவது இதனால்தான். ஆகவே வீச்சு பாதி, வேகம் முக்கால். பந்தைக் கால்களின் நடுவிலிருந்து ஒன்றிரண்டு பந்தளவு பின்கால் பக்கம் வைக்க வேண்டும். கைப்பிடியைக் கொஞ்சம் கீழிறக்கிப் பிடிக்க வேண்டும். உடம்பின் பாரம் முன்காலில் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும், அடித்து முடிக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். கைகள் பந்துக்கு முன்னால், முன்தொடைக்கு நேராக. இப்படி நின்றாலே மட்டை முகத்தின் சாய்வு குறைந்துவிடும், 5 ஆம் நம்பர் அயர்ன் 4 ஆம் நம்பர் போல ஆகிவிடும். அடித்தபின் கைகள் இடுப்பளவில் நின்றால் பந்து தாழப் போயிருக்கும். கைகள் தோளுக்கு மேலே போயிருந்தால் பந்தும் மேலே போயிருக்கும்.

எந்த மட்டையில் பந்து கிளைக்குக் கீழால் போகும் என்று அடிக்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பந்துக்குப் பக்கத்தில், பந்து கிடக்கும் இடத்தைக் கலைக்காமல் தள்ளி நின்று, மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கும்படி தரையில் வைத்து, பிடி நாம் அடிக்கும் திசையை நோக்கி இருக்க, முகத்தைக் காலால் மெதுவாக மிதியுங்கள். தண்டு மேலே எழும்பி நிற்கும். அது காட்டும் கோணம்தான் மட்டையின் சாய்வு. 5 ஆம் நம்பர் என்றால் ஏறத்தாழ 25 பாகை, 7 ஆம் நம்பர் என்றால் 30 ஐத் தாண்டும். பந்து எப்போதும் அந்தச் சாய்வைவிடக் குறைந்த கோணத்தில்தான் புறப்படும், பஞ்சில் இன்னும் குறையும். ஆகவே தண்டின் கோடு கிளைக்குக் கீழே போனால் பந்தும் போகும். தண்டே கிளையைத் தொட்டால் ஒரு நம்பர் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எந்த நாட்டு ஆட்டக்காரருக்கும் பொது. மலையகத்தில் கதை மாறுவது மரத்தாலும் மழையாலும்.

கருப்பந்தைல மரம் ஆட்டக்காரருக்கு நல்ல மரம். அடிமரம் நெட்டையாக, கிளையில்லாமல் போகும். அதற்குக் கீழே நின்றால் தலைக்கு மேல் கூரை உயரத்தில் இருக்கும், ஆபத்து அடிமரங்கள் மட்டும்தான். உரிந்து விழுந்த பட்டைகள் பந்தைச் சுற்றிக் கிடக்கும். அவை தளர்ந்த பொருள், கையால் எடுத்துப் போடலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் எடுக்கும்போது பந்து அசைந்தால் ஓர் அடி தண்டம், பந்தைப் பழைய இடத்தில் வைக்கவும் வேண்டும். பைன் ஊசிகளுக்கும் இதே கவனம் தேவை. ஊசிகள் ஒன்றின் மேல் ஒன்று தாங்கிக்கொண்டிருக்கும், இங்கே ஒன்றை இழுத்தால் அங்கே பந்து உருளும். ஊசியின் மேல் கிடக்கும் பந்தை அடிக்கும்போது நான் மட்டையைத் தரையில் ஊன்றுவதில்லை.

சைப்ரஸ் வேறு. பழைய சைப்ரஸின் கிளைகள் வெளியே நீண்டு கீழே சாயும். ஆகவே பந்து அடிமரத்துக்குப் பக்கத்தில் கிடந்தால் தலைக்கு மேல் இடம் இருக்கும், ஆனால் வெளியே போகும் வாசல் தாழ்வாக இருக்கும். குடிசைக்குள்ளிருந்து தாழ்வாரத்துக்குக் கீழால் எறிவது மாதிரி. பந்துக்கு மேலே இடம் இருக்கிறதே என்று நம்பி 7 ஆம் நம்பரை எடுப்பவர் ஏமாறுவது இங்கேதான். உயரத்தைப் பந்து கிடக்கும் இடத்தில் பார்த்தால் போதாது, ஐந்து மீட்டர், பத்து மீட்டர் முன்னால் தொங்கும் கடைசிக் கிளையில் பார்க்க வேண்டும். இலைதானே, ஊடே போய்விடும் என்பது சைப்ரஸுக்குப் பொருந்தாது. மழைத்தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த இலைக்கொத்தில் பட்ட பந்து அங்கேயே நேராகக் கீழே விழும்.

இப்போது கணக்குக்கு வருவோம். மாமாவின் கேள்விதான் கணக்கு.

நுவரெலியா மைதானம் இன்றைய அளவுக்கு நீளமானது அல்ல. அதன் கடினம் ஒடுக்கத்தில் இருக்கிறது. முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து கொடிவரை 330 யார் நீளமுள்ள ஒரு குழியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடி 200 யார் போய் வலதுபக்க மரங்களுக்குள் விழுந்தது. மிச்சம் 130 யார். பக்கத்தில் பெயார்வேக்குத் தள்ளினால் மிச்சம் அதே 130 தான், ஆனால் நல்ல புல்லில், தடையில்லாமல், கையில் 8 ஆம் நம்பரோ 9 ஆம் நம்பரோ. இங்கே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் கொழும்பில் 150 யார் போகும் அடி இங்கே 160 யார் அளவுக்குப் போகும். குளிரும் ஈரப்பந்தும் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டாலும், அந்த 130 யார் பயப்பட வேண்டிய தூரமல்ல. மாறாகப் பஞ்ச் அடித்து எல்லாம் சரியாக வந்தால் பந்து 80, 90 யார் முன்னே போகும். மிச்சம் 40, 50 யார். நம்மைப் போன்ற சாதாரண ஆட்டக்காரருக்கு 130 யாரிலிருந்து அடிப்பதைவிட 45 யாரிலிருந்து அடிப்பது எவ்வளவு லாபம்? என் அனுபவத்தில் ஓர் அடியில் கால் பங்கு. அந்தக் கால் அடிக்காக மரத்தில் பட்டுத் திரும்பி வந்தால் முழுதாக ஓர் அடி போய்விடுகிறது. சில நேரம் முன்பிருந்ததைவிட மோசமான இடத்தில் போய்க் கிடக்கும்.

கால் அடி லாபத்துக்கு ஓர் அடியைப் பணயம் வைப்பதென்றால், பத்துப் பந்து அடித்தால் குறைந்தது எட்டு வெளியே வர வேண்டும். எட்டுக்குக் குறைந்தால் நட்டம்.

இன்னொரு விஷயம், கான், அதாவது வடிகால். நுவரெலியாவில் தண்ணீர் எங்கும் ஓடும், மைதானத்தின் குறுக்கேயும் ஓடைகளும் கான்களும் போகின்றன. தாழப் போகும் பந்து விழுந்த பிறகு ஓடும், எங்கே நிற்கும் என்பது நம் கையில் இல்லை. நான் ஆடத் தொடங்கிய இரண்டாவது வருடம், அடிமரங்களுக்கு நடுவால் 5 ஆம் நம்பரில் ஒரு பஞ்ச் அடித்தேன். இடைவெளி என் இரண்டு கைகளையும் விரித்த அகலம்கூட இல்லை. பந்து அதன் நடுவால் போனது, ஒரு கிளையிலும் படவில்லை. என் வாழ்க்கையில் அதற்கு முன் அவ்வளவு சுத்தமாக அடித்ததில்லை. அது பெயார்வேயைக் குறுக்கே கடந்து, சரிவில் ஓடி, எதிர்ப்பக்கக் கானுக்குள் இறங்கியது. அடி சரி, தெரிவுதான் பிழை. கான் அங்கே இருப்பது எனக்கு முன்பே தெரியும், நான் இடைவெளியை மட்டும் பார்த்தேன். அன்றிலிருந்து பஞ்ச் அடிக்க முன்பு இரண்டு தூரங்களைக் கணக்கிடுகிறேன், மரங்களைத் தாண்டக் குறைந்தது எவ்வளவு, மறுபக்க ஆபத்தைத் தொடாமல் கூடியது எவ்வளவு. இரண்டுக்கும் இடையில் முப்பது யாராவது இல்லையென்றால் அந்த அடியை அடிப்பதில்லை.

விக்டோரியாவுக்குப் போனால் இந்தக் கணக்கு அப்படியே புரண்டுவிடுகிறது. 1999 இல் திறந்த மைதானம் அது, டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்தது. பார், அதாவது ஒரு சுற்றுக்கு எதிர்பார்க்கும் அடிகள், 73, முழு நீளத்தில் ஆடினால் 6,800 யாருக்கு மேல். மூன்று பக்கமும் விக்டோரியா நீர்த்தேக்கம், எதிரே நக்கிள்ஸ் மலைகள். உயரம் நுவரெலியாவின் பாதிக்கும் குறைவு. வெயில் அதிகம், தரை காய்ந்திருக்கும். அங்கே 420 யார் குழியில் அதே 200 யார் அடி மரத்துக்குள் விழுந்தால் மிச்சம் 220 யார். பக்கத்தில் தள்ளினால் அந்த 220 அப்படியே இருக்கும், என்னால் அந்தத் தூரத்தைக் கிரீன்வரை அடிக்க முடியாது. இன்னொரு அடி அடித்துத்தான் கிரீனுக்குப் பக்கத்தில் போக வேண்டும். பஞ்சில் 110, 120 யார் முன்னே போனால் மிச்சம் 100 யார், அடுத்த அடி கிரீனில். அதாவது லாபம் கால் அடி அல்ல, முக்கால் அடிக்கு மேல். பத்தில் ஆறு தடவை வெளியே வந்தால் போதும், பஞ்ச் வென்றுவிடும். காய்ந்த தரையில் பந்து ஓடுவது இங்கே உதவியாகவும் இருக்கிறது. நுவரெலியாவில் மழைக்காலத்தில் அதே அடி விழுந்த இடத்திலேயே சேற்றில் பொதிந்து நின்றுவிடும். சொந்தப் பள்ளத்திலேயே புதைந்த பந்துக்கு, பொதுப் பகுதியில், தண்டமில்லாமல் விடுதலை உண்டு. அதைச் சிலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் விக்டோரியாவிலும் பஞ்சைக் கொடியை நோக்கி அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இது முக்கியம். முன்னோக்கிப் போகும் இடைவெளிகளில் எது அகலமோ அதுவே வாசல், அது கொடியிலிருந்து முப்பது நாற்பது பாகை விலகியிருந்தாலும் பரவாயில்லை. நேர் முன்னால் ஒரு மீட்டர் இடைவெளி, சற்று இடப்பக்கம் நான்கு மீட்டர் இடைவெளி என்றால், நான்கு மீட்டரால் போனவர் இழப்பது இருபது யார்தான். பஞ்சா பக்கமா என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறேன், உண்மையில் இரண்டுக்கும் நடுவில் இந்தச் சாய்ந்த பஞ்ச் இருக்கிறது. நல்ல கெடிகள் பெரும்பாலும் அதைத்தான் காட்டுவார்கள்.

மூன்றாவது வழியைப் பற்றிப் பேசும்போது தொலைக்காட்சியில் பார்த்த அடிகள் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அமெரிக்காவின் ஒகஸ்டா மைதானத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியின் 2010 இறுதி நாளில், 13 ஆவது குழியில், பில் மிக்கெல்சன் பைன் ஊசிகளின் மேலிருந்து இரண்டு மரங்களுக்கு நடுவால் 6 ஆம் நம்பர் அயர்னில் 200 யாருக்கு மேல் அடித்துக் கொடிக்குப் பக்கத்தில் போட்டார். 2012 இல் அதே போட்டியின் மேலதிக ஆட்டத்தில் பபா வொட்சன் மரங்களுக்குள்ளிருந்து சாய்வு கூடிய வெட்ஜ் மட்டையால் பெரிய வளைவு கொடுத்துக் கிரீனில் இறக்கி வென்றார். இரண்டும் அற்புதமான அடிகள். எனக்கு இன்னும் பிடித்தது 1993 இல் சுவிற்சர்லாந்தின் கிரான்ஸ் மைதானத்தில் செவ் பலெஸ்டெரோஸ் அடித்தது. சுவருக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவில் மாட்டிய பந்தை, கெடி பக்கத்தில் தள்ளச் சொல்லியும் கேட்காமல், மேலே தெரிந்த சின்ன ஓட்டையால் சுவரையும் மரங்களையும் தாண்டி அடித்தார். கிரீனுக்கு வெளியே விழுந்ததை அடுத்த அடியிலேயே குழிக்குள் போட்டார்.

இவர்கள் செய்ததைப் பார்த்து நாமும் செய்யலாம் என்று நினைப்பவருக்கு நான் சொல்வது, பந்து எப்படிக் கிடந்தது என்று பாருங்கள் என்பதுதான். ஒகஸ்டாவின் பைன் மரங்களுக்குக் கீழே புதரில்லை, அடிமரங்கள் உயரம்வரை கிளையில்லாமல் போகும், பந்து ஊசிப் பரப்பின் மேல் சுத்தமாக நிற்கும். நம் ஊர் ஈரச் சருகில், புல் பந்தின் பாதியை மூடியிருக்கும்போது, வெட்ஜின் முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல்லும் தண்ணீரும் மாட்டும். அப்போது வளைவும் உயரமும் நாம் நினைத்தபடி வராது. அதோடு, அவ்வளவு செய்தும் பலெஸ்டெரோஸ் அந்தப் போட்டியில் ஓர் அடியில் தோற்றார், வென்றவர் பரி லேன். மேலால் அடிக்கும் வழியை நான் ஒரே ஒரு நிலையில்தான் எடுப்பேன். மரம் குட்டை, பந்திலிருந்து இருபது மீட்டராவது தள்ளி இருக்கிறது, பந்து புல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் மட்டும்.

நான்காவது வழி, ஆட முடியாத பந்து என்று அறிவிப்பது, பலருக்குத் தோல்வியை ஒத்துக்கொள்வது போலத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. தண்டப் பகுதி (குறியிட்ட குளம், ஓடை போன்றவை) தவிர எங்கேயும் இதை ஆட்டக்காரரே முடிவு செய்யலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஓர் அடி தண்டத்துக்கு மூன்று தெரிவுகள் கிடைக்கும். முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போகலாம். கொடியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் பின்னால் எவ்வளவு தூரமும் போகலாம். அல்லது பந்து கிடக்கும் இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்குக் கிட்டப் போகாமல், பக்கத்தில் போடலாம். பெரும்பாலானோர் யோசிக்காமல் கடைசியை எடுக்கிறார்கள். முதல் அடிக்கு எடுக்கும் நீண்ட மட்டையான ட்ரைவரால் அளந்தாலும் இரண்டு மட்டை நீளம் 2.3 மீட்டர் அளவுதான். பெரிய சைப்ரஸின் கிளை அதைவிட வெளியே நீண்டிருக்கும். தண்டத்தையும் கொடுத்து, அதே மரத்துக்குக் கீழேயே நிற்க நேரும். பின்னால் போகும் கோடுதான் மரங்களுக்குள் பெரும்பாலும் பயன்படும், பின்னால் நடந்து பாருங்கள், கோடு சில நேரம் பக்கத்துப் பெயார்வேக்கே கொண்டுபோய் விடும். பந்து வேருக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தால் நான் யோசிப்பதே இல்லை, எடுத்துவிடுவேன். வேரில் பட்ட அயர்னின் அதிர்ச்சி மணிக்கட்டுக்குள் இறங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி அடித்து மூன்று மாதம் மட்டை தொடவில்லை.

மரத்துக்குள் நிற்கும்போது கை சும்மா இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிற கிளையை ஒடிப்பதும் வளைத்துக் கட்டுவதும் தண்டத்துக்குரியது, அடிக்கணக்கு ஆட்டத்தில் இரண்டு அடி. ஒத்திகை வீச்சில் இலைகளை உதிர்த்து இடம் உண்டாக்கினாலும் அதுவேதான். நிற்பதற்காக, முதுகால் கிளையைத் தள்ளிக்கொண்டு நியாயமாக உள்ளே போவது மட்டும் சரி. தேட மூன்று நிமிடம்தான். பனிமூட்டம் இறங்கிய நாளில் அது பறந்துவிடும், ஆகவே மரத்துக்குள் போகிறது என்று தெரிந்ததும் அங்கேயே, முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆடுவதற்கு, தற்காலிகப் பந்து ஒன்றை அடித்துவிட்டு நடப்பது நல்லது.

பஞ்ச் என்று முடிவாகிவிட்டால் எந்த மட்டை? கிளையைப் பார்த்து முடிவெடுத்தால் எல்லாரும் 3 அல்லது 4 ஆம் நம்பருக்குப் போவார்கள். நான் புல்லைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வேன். வெறும் மண்ணிலோ ஊசியிலோ கிடந்தால் 5 ஆம் நம்பர் அருமை. பந்து ஈரப்புல்லுக்குள் பாதி இறங்கியிருந்தால் சாய்வு குறைந்த மட்டை அதை வெளியே எடுக்காது, புல் மட்டையின் கழுத்தைப் பிடித்து முகத்தை மூடிவிடும், பந்து ஐந்து மீட்டர் உருண்டு நிற்கும். அங்கே 7 ஆம் நம்பரைப் பின்கால் பக்கம் வைத்து அடிப்பது மேல். 7 ஆம் நம்பர் கிளைக்குக் கீழால் போகாது, 5 ஆம் நம்பர் புல்லை விட்டு வராது என்ற நிலை வந்தால், அந்த இடமே பக்கத்தில் தள்ளு என்று சொல்லிவிட்டது. அயர்னுக்கும் மர மட்டைக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட்டைப் பற்றிக் கேட்பார்கள். காய்ந்த தரையில் கைகளை முன்னே வைத்துச் சின்ன வீச்சில் அது நன்றாக ஓடும், ஆனால் அதன் எடை கீழே இருப்பதால் கொஞ்சம் பலமாக அடித்தாலே பந்து எழும்பிவிடும். மரத்துக்குள் நான் அதைத் தொடுவதில்லை.

பக்கத்தில் தள்ளுவதையும் இலேசாக நினைக்கக் கூடாது. பையைத் தூக்கிய காலத்தில் நான் பார்த்த மோசமான அடிகள் பல இந்தச் சின்ன அடிகள்தான். மனம் விட்டுப்போய், அளக்காமல், ஒரு தட்டுத் தட்டுவார்கள். ஒன்று பந்து வெளியே வராது, அல்லது பெயார்வேயைக் கடந்து எதிர்ப்பக்க மரத்துக்குள் போகும். ஒடுங்கிய நுவரெலியா பெயார்வேக்கு இது பெரிய ஆபத்து. நான் 8 ஆம் நம்பரில், கிரீன் ஓரத்தில் சிப் பண்ணுவது (சின்னதாகத் தட்டி அடிப்பது) போலவே, விழ வேண்டிய இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு அடிக்கிறேன். கொஞ்சம் யோசித்தால் அதிலும் லாபம் எடுக்கலாம். பெயார்வேயின் எந்தப் பக்கத்தில் போட்டால் கொடிக்கு வழி திறக்கும், எந்த இடத்தில் நிலம் சமமாக இருக்கும் என்று பார்த்துப் போடுங்கள். மலையில் சமநிலத்தில் நின்று 130 யார் அடிப்பது, சரிவில் நின்று 100 யார் அடிப்பதைவிட எளிது.

இந்த ஒப்பீட்டில் எல்லாம் தொங்குவது பத்தில் எத்தனை என்ற எண்ணில். அதை மைதானத்தில் நின்று ஊகித்தால் நம் மனம் நமக்குச் சாதகமாகவே சொல்லும். ஆகவே நான் தோட்டத்து விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு கயிறு கட்டுவேன். ஐந்து மீட்டர் பின்னால் நின்று அதற்குக் கீழால் அடிப்பேன். மரங்களின் இடைவெளி நான்கு எட்டு வைக்கும் தூரம். 5 ஆம் நம்பரில் சரியாக நின்று அடித்தால் பந்து கயிற்றுக்குக் கீழால் போகும், 7 ஆம் நம்பரில் பெரும்பாலும் கயிற்றைத் தொடும். காலையில் பனி காயாத புல்லில் பத்து, வெயில் ஏறியபின் பத்து என்று அடித்து, வெளியே போனதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். தம்பியின் மகன் பந்து பொறுக்கித் தருவான், எண்ணுவதும் அவன்தான். அவன் எனக்குச் சாதகமாக எண்ணுவதில்லை.

போன மாதம் காய்ந்த புல்லில் பத்துக்கு ஏழு, ஈரப்புல்லில் ஐந்து. விக்டோரியாவுக்கு ஏழு போதும். நுவரெலியாவுக்கு இன்னும் ஒன்று குறைகிறது.